புயல் வருகுதாம்: எங்கள் ஒழுங்கையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம், முரசுமோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போடுவது, போன் சார்ச் பண்ணிக் கொடுப்பது, கொஞ்சம் பலசரக்கு. கார்த்திகை பிறந்து வானம் மூடினால், சாமான் வாங்க வருகிறவர்களைவிட "அண்ணை, என்னவாம்?" என்று கேட்க வருகிறவர்கள்தான் கூட. ஒவ்வொரு வருசமும் அதே கேள்விகள். இந்த முறை ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

உண்மையாப் புயல் வருகுதோ, இல்லாட்டிச் சும்மா வெருட்டுறாங்களோ?

ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் ஏதாவது ஒன்று சுழன்றுகொண்டுதான் இருக்கும். அதில் பெரும்பாலானவை நம் பக்கம் வருவதில்லை. வருகிறதா என்று அறிய வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள். பார்க்கும்போது முதலில் மேலே போட்டிருக்கும் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். வட்சப்பில் சுற்றும் சிவப்பு எச்சரிக்கைப் படங்களில் பாதி போன வருசத்தவை, சில இந்தியாவுக்கானவை.

யாரோ அழுதழுது பேசிய குரல்பதிவு வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் கிராம சேவகரைக் கேளுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுங்கள்.

தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி எண்டு மாறி மாறிச் சொல்லுகினம். எதுக்குப் பயப்படோணும்?

எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துச் சொல்லும் பெயர்கள். மையத்தைச் சுற்றிய காற்று மணிக்கு 50 கிலோமீற்றர் வரை என்றால் தாழமுக்கம், அதைத் தாண்டினால் ஆழ்ந்த தாழமுக்கம், ஏறத்தாழ 62 ஐத் தாண்டினால் சூறாவளி, 89 க்கு மேல் போனால் கடும் சூறாவளி.

ஆனால் இந்தப் பெயர்கள் மழையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2025 நவம்பர் 28 இல் இலங்கையைத் தாக்கிய டித்வா காற்றுக் கணக்கில் கடும் சூறாவளி கூட இல்லை. வெறும் சூறாவளிதான். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலானவர்களைக் கொண்டுபோனது வெள்ளமும் மண்சரிவும். "தாழமுக்கம்தானே, சூறாவளி இல்லையே" என்று ஆறுதல் சொல்கிறவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

பேர் வைச்சாத்தான் புயலோ?

ஆம், சூறாவளி அளவுக்கு வந்த பிறகுதான் பெயர். வட இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து புது டில்லியில் உள்ள வானிலை மையம் வரிசைப்படி எடுத்து வைக்கும். புரேவி மாலைதீவு கொடுத்த பெயர், டித்வா யெமன் கொடுத்தது. பெயர் வைக்காத தாழமுக்கமும் வயலை மூடும்.

போனில பாக்கிற மாப்பில ஒரு கோடு, ரீவியில வேற கோடு. எதை நம்புறது?

காற்று மாப் காட்டும் செயலிகளில் ஐரோப்பியக் கணிப்பு, அமெரிக்கக் கணிப்பு என்று இரண்டு மூன்று இருக்கும். ஐந்து நாள் முன்னால் இரண்டும் இரண்டு ஊரைக் காட்டுவது வழமை. நாள் நெருங்க நெருங்க ஒன்றாகச் சேரும். சேராவிட்டால் அதுவே ஒரு செய்தி: இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்று பொருள்.

கோட்டைப் பார்க்காதீர்கள், கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டு போகும் அந்தக் கூம்பைப் பாருங்கள். மையம் கூம்புக்குள் எங்கேயும் போகலாம். அப்புறம், மையம் போகும் இடத்தில் மட்டும்தான் மழை என்றும் நினைக்கக்கூடாது. மழை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்திருக்கும். கடைசி நாளில் நான் பார்ப்பது இந்திய வானிலைத் திணைக்களத்தின் காரைக்கால் ரேடார். அங்கிருந்து நம் வடபகுதிக் கடல் தெரியும். கணிப்பு என்பது வரப்போவதைச் சொல்வது, ரேடார் இப்போது எங்கே மழை நிற்கிறது என்று காட்டுவது.

சிக்னல் போனா என்ன செய்யிறது? காத்தைப் பாத்துச் சொல்லேலுமோ?

ஓரளவுக்குச் சொல்லலாம். கடலுக்குப் போகிற பெரியவர்களுக்கு இது தெரியும். நம் பக்கத்தில் புயலின் காற்று மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், மையம் உங்கள் இடது கைப்பக்கம் எங்கேயோ இருக்கிறது.

கிழக்கேயிருந்து வரும் புயலுக்கு ஒரு கணக்கு. வாடை (வடக்குக் காற்று) வீசத் தொடங்கி, பிறகு கொண்டலாகி (கிழக்குக் காற்று), பிறகு தென்கிழக்குக்குத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கால் கடக்கிறது. வடமேற்கிலிருந்து கச்சானாகி (மேற்குக் காற்று), சோளகப் (தெற்குப்) பக்கம் திரும்பினால் வடக்கால் கடக்கிறது. திசை மாறாமல் காற்று மட்டும் கூடிக்கொண்டே போனால், அது நம் பக்கமே வருகிறது.

அப்படி வந்தால் திடீரென்று காற்று அடங்கி, வானம்கூட வெளிக்கலாம். அது முடிவில்லை. மையம் தலைக்கு மேல் நிற்கிறது. அரை மணியோ ஒரு மணியோ கழித்து எதிர்ப்பக்கத்தால் அதே வேகத்தில் அடிக்கும். தகரம் பொறுக்க வெளியே ஓடுகிறவர்கள் அடிபடுவது அந்த நேரத்தில்தான்.

எங்கட பக்கம் பெரிய மழை இல்லை. பிறகேன் வெள்ளம் வரப்போகுது எண்டுறியள்?

இந்தக் கொப்பியை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். கண்டாவளை, பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான் பக்கத்துச் சனத்துக்கு வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, தெற்கிலிருந்தும் வருகிறது. வவுனியா வடக்கு, கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்தில் பெய்கிற மழை கனகராயன் ஆற்றால் இரணைமடுக் குளத்துக்கு வரும். இரணைமடுவின் கொள்ளளவு 36 அடி. அது நிறைந்தால் வான்கதவைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. திறந்த தண்ணீர் கடல் பக்கம் போக நம் வளவுகளின் ஊடாகத்தான் போகும்.

2018 டிசம்பர் 21 இரவு எங்கள் ஒழுங்கை முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்தோம். குளத்தை ஒருவரும் கேட்கவில்லை. குளமோ கார்த்திகையிலேயே நிறையத் தொடங்கியிருந்தது. இரவு தண்ணீர் வாசலுக்கு வந்தபோது அரிசி மூட்டையை மேசையில் ஏற்றினேன். கிணற்றடியில் இருந்த நீர்ப்பம்பி மோட்டர் ஞாபகத்துக்கு வரவேயில்லை. விடியப் பார்த்தால் மோட்டர் இருந்த இடமே தெரியவில்லை.

அதனால் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி "புயல் எங்கே?" இல்லை, "குளம் எத்தனை அடி?" என்பதுதான். குளம் 30 அடியில் நிற்கும்போது வரும் புயலும் 36 இல் நிற்கும்போது வரும் அதே புயலும் நமக்கு ஒன்றில்லை. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், உடையார்கட்டு, கல்மடு என்று எந்தக் குளத்துக்குக் கீழே இருக்கிறீர்களோ, அந்தக் குளத்தின் அடிக்கணக்கை அறிந்து வைத்திருங்கள்.

வான்கதவு திறக்கப் போறாங்கள் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

நீர்ப்பாசனத் திணைக்களம் மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்கும். அங்கிருந்து கிராம சேவகர், பிறகு கோவில் அல்லது பள்ளிவாசல் ஒலிபெருக்கி, சில வேளை பொலிஸ் வாகனம். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி இரவில் நித்திரை கொள்ளலாம். ஆகவே மேல்பக்கத்தில், குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு சொந்தக்காரரின் இலக்கம் கையில் இருக்கட்டும். எங்கள் ஒழுங்கையில் கனகாம்பிகைக்குளம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு மிஸ்கோல் தந்தால் போதும், எல்லோரும் எழும்புவோம்.

ஒரு தடியில் கோடு போட்டு வாய்க்கால் ஓரத்தில் நட்டு வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ரோச் அடித்துப் பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

தகரக் கூரை. மேல ரயர், கல்லு ஏத்தி வைச்சாக் காணுமோ?

காணாது. பெருங்காற்றில் அந்தக் கல்லே பறந்து பக்கத்து வீட்டுக்குள் விழும். கூரை தூக்குப்படுவது முகட்டிலும் தாழ்வாரத்திலும்தான். அங்கே ஆணி தளர்ந்திருந்தால் இப்போதே அடியுங்கள், ரப்பர் வொஷர் போனவற்றை மாற்றுங்கள். பிறகு இரண்டு மண்மூட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, முகட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கும்படி போடலாம். நீளக் கயிறு போட்டு இறுக்குவதென்றால் நிலத்தில் அடித்த முளைகளில் கட்டுங்கள். மரத்தில் கட்டக்கூடாது. மரம் ஆடும்போது கூரையையும் சேர்த்து இழுக்கும்.

"எதிர்ப்பக்க யன்னலைத் திறந்துவிட்டால் காற்று வெளியே போகும்" என்று ஒரு கதை இருக்கிறது. கேட்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். எல்லாவற்றையும் பூட்டுங்கள். வளவில் சாத்தி வைத்த பழைய தகரம், வாளி, கதிரை எல்லாம் உள்ளே. வீட்டோடு நிற்கும் முருங்கையை வெட்டிவிடுங்கள், அது முறியும் மரம். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றின குலையையும் இறக்குங்கள். கிடுகுக் கொட்டிலில் இருக்கிறவர்கள் இதையெல்லாம் செய்து நேரத்தைச் செலவழிக்காமல், பொழுது படமுன் கல்வீடு ஒன்றுக்குப் போய்விடுங்கள்.

பையில என்னென்ன வைக்கோணும்?

வன்னிச் சனத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வெட்கம். பை கட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் போன முறை ஒருவர் காணிப் பெர்மிற்றை விட்டுவிட்டு ரீவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், காணிப் பெர்மிற் அல்லது உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்கான மருந்து. இரண்டு சொப்பிங் பையில் சுற்றி முடிந்து, பிறகு ஒரு மூடியுள்ள வாளிக்குள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். 2009 யுத்தத்தில் பத்திரம் தொலைத்தவர்கள் மறுபடி எடுக்க எத்தனை வருசம் அலைந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கு அவல், பிஸ்கற், ரின்மீன், பால்மா. தண்ணீரை மழைக்கு முன்னரே கானில் நிரப்பி வையுங்கள்.

கரண்ட் எத்தனை நாளைக்கு நிக்கும்?

மூன்று நாள் என்று நினைத்துத் தயாராகுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போல் இருந்தால் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். நனைந்த காலோடு தொடக்கூடாது. அறுந்து கிடக்கும் வயர் உயிரில்லாததுபோலத்தான் இருக்கும். கிட்டப் போகாமல் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி மற்றவர்களை மறியுங்கள்.

சார்ச் என் கடையில் போடலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு போன், காசு வேண்டாம். ஜெனரேற்றர் வைத்திருக்கிறவர்கள் வீட்டுக்குள்ளோ யன்னலடியிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் மணமில்லாத வாயு ஆளைக் கொல்லும்.

மாடுகளை அவிட்டு விடுறதோ, கட்டி வைக்கிறதோ?

கட்டிய கயிற்றோடு மாடு தாழ்ந்தால் அந்தப் பாவம் நம்மோடு. அவிழ்த்துவிட்டு, முடிந்தால் மேட்டுப்பக்கம் சாய்த்துவிடுங்கள். ஆனால் எங்களுக்கு வெள்ளத்தைவிடக் குளிர் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. பல நாள் மழையில் நனைந்து, குளிர்காற்றில் நின்றவை. வெறும் வயிற்று மாடு குளிரைத் தாங்காது. காற்று மறைப்பு ஒன்று, தறப்பாளாவது, வாடைப்பக்கமாகக் கட்டுங்கள். வைக்கோலைத் தேவைக்கு மேலேயே போடுங்கள். கன்றுகளையும் கிழட்டு மாடுகளையும் முதலில் கவனியுங்கள். காதுத்தகட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

மாமா ஆக்கள் முல்லைத்தீவுக் கரையில. சுனாமி மாதிரி கடல் வருமோ?

சுனாமி மாதிரி வராது, ஆனால் வரும். புயல்காற்று கடலைக் கரைக்குத் தள்ளி மட்டத்தை உயர்த்தும், அதன்மேல் அலை அடிக்கும். மையம் கரைக்குத் தெற்கால் கடந்தால்தான் முல்லைத்தீவுக்கு ஆபத்துக் கூட, ஏனென்றால் அப்போது காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும் (மேலே சொன்ன கொண்டல் கணக்கு). வடக்கால் போனால் காற்று கடலைத் தள்ளி வைக்கும். 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி இன்றைக்கும் கரையோரப் பெரியவர்கள் சொல்வார்கள்.

வள்ளங்களையும் இயந்திரங்களையும் வாடிக்கு மேலே நன்றாக உள்ளே இழுத்துவிடச் சொல்லுங்கள். நந்திக்கடல் பக்கம் இருக்கிறவர்களுக்கு இரண்டு பக்கத்தாலும் தண்ணீர். கடல் உயர்ந்து நின்றால் களப்பு வெள்ளம் வடியாது.

வீதியில முழங்கால் அளவுதானே ஓடுது. மோட்டச்சைக்கிளில போகேலாதோ?

போகமுடியாது. கணுக்காலுக்குச் சற்று மேலே வேகமாக ஓடும் தண்ணீரே ஆளைத் தட்டி விழுத்தும். இரண்டு அடியில் வான்கூட மிதக்கும். கலங்கின தண்ணீருக்குக் கீழே தார் வீதி இன்னும் இருக்கிறதா, மதகு உடைந்துவிட்டதா என்று மேலே நின்று தெரியாது. தெரிந்த வீதி என்ற துணிவில்தான் நம்மாட்கள் இறங்குவது.

ஒழுங்கையில ஆர் ஆரைப் பாக்கிறது?

நாங்கள் இப்படிச் செய்தோம். ஒரு தாளில் 23 வீடு. நடக்கமுடியாதவர், பிள்ளைத்தாச்சி, தனிய இருக்கும் பெண்கள், கால் இழந்தவர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இரண்டு பெயர், ஒன்று காணாது, அவரும் எங்காவது மாட்டுப்படலாம். ரக்ரர் வைத்திருக்கிற தம்பி டீசல் அடித்து வைப்பது அவர் பொறுப்பு, காசு எல்லோரும் போடுவது. பிள்ளைத்தாச்சிக்கு நாள் நெருங்கிவிட்டால் புயலுக்கு ஒரு நாள் முன்னரே வைத்தியசாலைப் பக்கம் போய்விட வேண்டும். வீதி மூடிய பிறகு 1990 அம்புலன்சும் வரமுடியாது.

வெள்ளம் வடிஞ்சாப் பிறகு உடன வீட்டுக்குப் போகலாமோ?

வெளிச்சத்தில் போங்கள், தடியோடு போங்கள். புடையனும் நாகமும் உலர்ந்த இடம் தேடி உங்கள் அலுமாரிக்குக் கீழேதான் வந்திருக்கும். கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே மாவட்ட வைத்தியசாலை.

வெள்ளம் மண்ணை அரித்த இடங்களில், வாய்க்கால் கரையில், பழைய வெடிபொருட்கள் மேலே வரலாம், மிதிவெடி அடித்துக்கொண்டும் வரலாம். துருப்பிடித்த எதையும் பிள்ளைகள் எடுக்காமல் பாருங்கள். கண்டால் கல்லை வைத்து அடையாளம் போடாமல், வந்த காலடித்தடத்திலேயே திரும்பிப்போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கிணறு மூடுண்டிருந்தால் இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட்ட பிறகுதான் பாவிப்பது. அதுவரை கொதித்தாறிய தண்ணீர். வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை அவரிடமே கேட்டு வாங்குங்கள். உடைந்த கூரை, செத்த மாடு, அழிந்த பயிர் எல்லாவற்றையும் துப்புரவாக்க முன்னர் படமெடுங்கள். பிறகு கிராம சேவகரிடம் பதிய உதவும்.

அப்பு வரமாட்டன் எண்டு நிக்கிறார். என்ன செய்யிறது?

இதுதான் கஷ்டமான கேள்வி. அப்பு புயலுக்குப் பயமில்லாமல் நிற்கவில்லை. ஒரு முறை "இரண்டு நாளில் வந்துவிடலாம்" என்று வெளிக்கிட்டு, திரும்பி வர வருசங்கள் எடுத்தது, வந்தபோது வீடு இல்லை. அவருக்கு "பாதுகாப்பான இடம்" என்ற சொல்லே பிடிக்காது. மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அவரோடு தர்க்கப்பட்டுப் பயனில்லை.

எங்கள் ஒழுங்கையில் சரிவந்தவை சில. பகலில் கேட்பது, இருட்டில் அவசரப்படுத்தாமல். பாடசாலை முகாமுக்கு என்று சொல்லாமல், மேட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு என்று சொல்வது. "பேரப்பிள்ளைகள் பயப்படுகினம், நீங்கள் கூட வாங்கோ" என்று அவரிடம் ஒரு வேலையைக் கொடுப்பது. வீட்டை அவரே பூட்டி, திறப்பை அவரே மடியில் வைத்திருப்பது. நாயையும் ஏற்றுவது. அம்மாச்சி ஒருவர் ஆட்டுக்குட்டியை ஓட்டோவில் ஏற்றினால்தான் வருவேன் என்றார், ஏற்றினோம். இவ்வளவுக்கும் பிறகும் மறுத்தால், அவருக்காக நிற்கிற ஆள் ஒருவரைத் தாளில் எழுதி, தண்ணீர் இத்தனையாம் கோட்டைத் தொட்டால் தூக்கிக்கொண்டு வருவது என்று அவருக்கு முன்னாலேயே பேசி முடியுங்கள்.

போன முறையும் போகச் சொன்னீங்கள், ஒண்டும் நடக்கேல்லை. இந்த முறையும் போகோணுமோ?

2020 டிசம்பர் 2 இரவு புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது. நமக்கு மழையோடு போயிற்று. அதிலிருந்துதான் இந்தக் கேள்வி தொடங்கியது. கூம்பைப் பற்றிச் சொன்னதை மறுபடி பாருங்கள். கணிப்புக்கு 50 கிலோமீற்றர் ஒரு பிழையே இல்லை, நமக்கு அது கூரை இருப்பதும் இல்லாததும்.

நான் போவேன். அந்த முறை போய் வந்ததில் ஓட்டோக் காசும் இரண்டு இரவு நித்திரையும் போனது, வந்து பார்த்தால் கோழி இரண்டைக் காணவில்லை. 2018 இல் போகாமல் நின்று, பிறகு மோட்டர் வாங்கின காசில் பத்துத் தரம் ஓட்டோவில் போய் வந்திருக்கலாம்.